‘மாடு’ என்பதில் ‘ம்’ போனால் மீதி என்ன?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. பேச்சில் படு சுட்டி. ஒரு கதையை ஒருமுறை கேட்டால் போதும், மறுநாள் ஏற்ற இறக்கத்தோடு அப்படியே சொல்லிவிடுவாள். ஆனால் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் அரைப் பக்கத்துக்கு அரை மணி நேரம். தமிழையாவது எழுத்துக்கூட்டி ஒப்பேற்றுகிறாள். ஆங்கிலம் சுத்தமாக வரவில்லை. முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு வாய்க்கு வந்த சொல்லைச் சொல்கிறாள். பத்து முறை எழுதிப் படித்த சொல்லை மறுநாள் தேர்வில் வேறு மாதிரி எழுதுகிறாள். கண் டாக்டரிடம் காட்டினோம், பார்வையில் குறையில்லையாம். “அமைதியான பிள்ளை, கவனம்தான் போதாது” என்கிறார் வகுப்பாசிரியை. “நானும் சின்ன வயதில் இப்படித்தான், தானாகச் சரியாகிவிடும்” என்கிறார் என் கணவர். ஆனால் இன்றைக்கும் எந்தப் படிவம் வந்தாலும் அதை என்னிடம்தான் நீட்டுவார். போன வாரம் பொறுமை இழந்து அவளை அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. “நான் மக்காம்மா?” என்று கேட்டாள். இது டிஸ்லெக்சியாவாக இருக்கலாம் என்கிறாள் ஒரு தோழி. அப்படியென்றால் அறிவு வளர்ச்சிக் குறைவா? தமிழ் ஓரளவு வருகிறதே, ஒரு மொழியில் மட்டும் அது எப்படி வரும்? எப்போது சரியாகும்?

– பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு முன்னால் உங்கள் மகளின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவள் மக்கு இல்லை. அதற்கான சாட்சியும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒருமுறை கேட்ட கதையை மறுநாள் வரிசை மாறாமல், உணர்ச்சியோடு சொல்வதற்கு நினைவாற்றல் வேண்டும், மொழியறிவு வேண்டும், கதையின் காரண காரியம் புரிய வேண்டும். இவ்வளவும் உள்ள பிள்ளை அரைப் பக்கத்தில் திணறுகிறது என்றால், கோளாறு மிகக் குறுகிய ஓர் இடத்தில் இருக்கிறது.

டிஸ்லெக்சியாவைக் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்ற வகையில் சேர்க்கிறார்கள். அந்தப் பெயரில் எல்லோரும் ‘குறைபாடு’ என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு பயப்படுகிறார்கள். நான் பெற்றோரிடம் ‘குறிப்பிட்ட’ என்ற சொல்லை விரல் வைத்துக் காட்டுவேன். அறிவு வளர்ச்சிக் குறைவு என்றால் பேசுவது, புரிந்துகொள்வது, காரணம் யோசிப்பது, அன்றாட வேலைகளைச் செய்துகொள்வது என எல்லாவற்றிலும் வயதுக்கேற்ற வளர்ச்சி பின்தங்கும். இங்கே அப்படி இல்லை. எழுதியிருக்கும் சொல்லை ஒலியாக மாற்றுவது, ஒலியைத் திரும்ப எழுத்தாக மாற்றுவது ஆகிய இந்த ஒரு வேலையில் மட்டும் இடறுகிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடமும் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. அதனால் அறிவியலும் வராதது போல, சமூக அறிவியலும் வராதது போலத் தோன்றிவிடுகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தைப் படித்து யாருக்கும் டிஸ்லெக்சியா இருக்கிறது என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பவை முறையான மதிப்பீடு செய்யப் போதுமான காரணங்கள். அதை இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

இப்போது, அந்தக் குறுகிய இடம் எது என்று பார்ப்போம். பேச்சு மனித இனத்துக்கு மிகப் பழையது. எழுத்து வந்து ஏறத்தாழ 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. பேசுவதற்குத் தயாராகப் பிறக்கும் மூளை, வாசிப்பதற்குத் தயாராகப் பிறப்பதில்லை. வேறு வேலைகளுக்காக இருந்த பகுதிகளை, பெரும்பாலும் இடப்பக்க மூளையில், ஒன்றோடொன்று இணைத்து ஒவ்வொரு குழந்தையும் வாசிப்பைப் புதிதாகக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டுமானத்தின் அடித்தளம் கண்ணைவிடக் காதுக்கு நெருக்கமானது. காது கேட்கும் திறனைச் சொல்லவில்லை. பேச்சில் வரும் ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்து உணர்வதைச் சொல்கிறேன்.

இன்று மாலை விளையாட்டாக உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள். “‘மாடு’ என்று சொல். அதில் முதலில் வரும் ‘ம்’ ஒலியை மட்டும் எடுத்துவிட்டால் மீதி என்ன?” ‘ஆடு’ என்று வர வேண்டும். ‘படை’யில் ‘ப்’ போனால் ‘அடை’. எழுத்தைக் காட்டாமல், வாயால் மட்டும் கேளுங்கள். வாசிப்பு நன்றாக வரும் பிள்ளைகள் சற்று யோசித்தாவது சொல்லிவிடுவார்கள். டிஸ்லெக்சியா உள்ள பல பிள்ளைகளுக்கு இது குழப்பும். ‘மாடு’ அவர்கள் காதில் ஒரே கட்டியாக விழுகிறது, அதை உடைக்கக் கை வருவதில்லை. உடைக்க முடியாத ஒலிக்கு எழுத்தை ஒட்டவைப்பது எப்படி? அதனால்தான் பத்து முறை எழுதியும் சொல் தங்கவில்லை. அவள் அதைப் படமாகப் பார்த்து மனப்பாடம் செய்கிறாள், படம் மறுநாள் கலைந்துவிடுகிறது. முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு ஊகிப்பதும் அதே காரணத்தால்தான். அவளைப் பொறுத்தவரை அது ஒரு சமாளிப்பு, சோம்பேறித்தனம் அல்ல. (இந்த விளையாட்டை வைத்து நீங்களே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அவள் தவறாகச் சொன்னால் முகம் சுளிக்கவும் வேண்டாம்.)

அடுத்து உங்கள் நல்ல கேள்வி: தமிழ் ஓரளவு வருகிறதே, ஆங்கிலம் மட்டும் ஏன்?

எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு எல்லா மொழியிலும் ஒரே மாதிரி இல்லை. ஆங்கிலத்தில் இருமலைக் குறிக்கும் ‘காஃப்’, ஊடே என்று பொருள்படும் ‘த்ரூ’, ஆனாலும் என்று பொருள்படும் ‘தோ’ ஆகிய மூன்று சொற்களும் ஒரே நான்கு எழுத்துகளில் முடிகின்றன. மூன்றுக்கும் உச்சரிப்பு மூன்று விதம். 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிகளைச் சமாளிக்கும் மொழி அது. ஒலிகளைப் பிரிப்பதில் ஏற்கெனவே தடுமாறும் பிள்ளைக்கு அங்கே கால் வைக்க இடமில்லை. தமிழ் அவ்வளவு கொடுமை செய்வதில்லை. எழுதியதைப் பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்கலாம்.

ஆனால் தமிழை அதிகமாகப் புகழ்ந்துவிடவும் வேண்டாம். 247 எழுத்துகளின் வடிவங்கள் ஒரு சுமை. ‘கே’ என்று சொல்லும்போது க் ஒலி முதலில் வருகிறது, ஏ பின்னால் வருகிறது. எழுதும்போது ஏகாரக் குறியை முதலில் போட்டுவிட்டு, அப்புறம் ‘க’ எழுதுகிறோம். ‘கோ’வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. காதின் வரிசை வேறு, கண்ணின் வரிசை வேறு. ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றையும் சொல்லிப் பாருங்கள், ஒரே ‘க’ மூன்று விதமாக ஒலிக்கும். ல, ள, ழ பற்றி நான் சொல்லவே வேண்டாம், பெரியவர்களே பாதிப் பேர் அங்கே விழுகிறோம். நமக்கு இவையெல்லாம் பழகிப்போனதால் கண்ணில் படுவதில்லை.

ஒலியும் எழுத்தும் ஒழுங்காகப் பொருந்தும் மொழிகளில் டிஸ்லெக்சியா வேறு முகம் காட்டும். அங்கே தவறுகள் குறைவாக இருக்கும், வேகம் இருக்காது. நீங்கள் ‘ஒப்பேற்றுகிறாள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சரியாகவே வாசிப்பாள், ஆனால் வரியின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோயிருக்கும். 2001 இல் இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன் மூன்று நாட்டு டிஸ்லெக்சியா உள்ளவர்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வெளிவந்தது. ஒலிப்படி எழுதும் இத்தாலிய மொழியில் வாசித்தவர்கள் மற்றவர்களைவிடச் சரியாக வாசித்தார்கள். ஆனால் வாசிக்கும்போது மூளையைப் படமெடுத்துப் பார்த்தால், மூன்று குழுவிலும் இடப்பக்கத்தின் ஒரே பகுதியில்தான் செயல்பாடு குறைந்திருந்தது. அதாவது குறைபாடு மொழிக்கு மொழி முளைப்பதில்லை. ஒன்றேதான், ஆங்கிலத்தில் சத்தமாகத் தெரிகிறது, தமிழில் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கிறது. “தமிழ் வருகிறதே, இங்கிலீஷுக்குத்தான் பயிற்சி போதவில்லை” என்று நினைத்துக் காலம் கடத்தும் குடும்பங்கள் நிறைய.

நீங்கள் கண் டாக்டரிடம் போனதில் தவறே இல்லை. பார்வையும் கேட்கும் திறனும் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். காது பரிசோதனை செய்யவில்லை என்றால் அதையும் செய்துவிடுங்கள். வேடிக்கை என்னவென்றால், இந்தத் துறையே கண் மருத்துவர்களிடமிருந்துதான் தொடங்கியது. ‘டிஸ்லெக்சியா’ என்ற பெயரை 1880களில் வைத்தவர் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் மருத்துவர். 1896 இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றிப் ‘பிறவிச் சொற்குருடு’ என்ற பெயரில் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். கெட்டிக்காரப் பையன், கணக்கில் சளைக்காதவன், விளையாட்டில் யாருக்கும் பின்னால் நிற்காதவன். ஆனால் தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் ஆளாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக மார்கன் குறிப்பிடுகிறார். 130 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த ஆசிரியரின் வாக்கியத்தை, உங்கள் மகளின் கதை சொல்லும் திறமையோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

‘சொற்குருடு’ என்ற பெயர் நெடுங்காலம் மக்களைக் கண்ணின் பக்கமே அனுப்பிக்கொண்டிருந்தது. இன்றும் நிறக் கண்ணாடி, கண் பயிற்சி என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். இவற்றால் டிஸ்லெக்சியா சரியாகும் என்பதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் கண் மருத்துவர்களின் அமைப்பும் சேர்ந்தே 2009 இல் அறிக்கை வெளியிட்டன. நினைவாற்றல் டானிக்கும் அந்தக் கணக்கில்தான். பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

சரி, மதிப்பீடு என்றால் என்ன செய்வார்கள்? குழந்தை உளவியலாளரோ, கற்றல் குறைபாடுகளில் பயிற்சி பெற்ற கல்வி உளவியலாளரோ செய்வது நல்லது. தனிச் சொற்களை வாசிக்கச் சொல்வார்கள். அப்புறம் ‘மோகிடு’, ‘தபிலை’ போன்ற அர்த்தமே இல்லாத சொற்களையும் வாசிக்கச் சொல்வார்கள். இது முக்கியமான சோதனை, ஏனென்றால் இங்கே மனப்பாடமும் ஊகமும் உதவாது, எழுத்தை ஒலியாக்கும் திறன் மட்டுமே அகப்படும். படங்களையும் நிறங்களையும் வரிசையாக எவ்வளவு வேகமாகப் பெயர் சொல்கிறாள், கேட்ட எண்களை எத்தனை வரை திருப்பிச் சொல்கிறாள், எழுத்துப்பிழை எந்த வகை, இவற்றையும் பார்ப்பார்கள். வீட்டில் பேசும் மொழி எது, பேச்சு எந்த வயதில் வந்தது, குடும்பத்தில் யாருக்காவது வாசிப்பில் சிரமம் உண்டா என்றும் கேட்பார்கள். உங்கள் மகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஐ.க்யூ. சோதனையை மட்டும் செய்து அறிக்கை கொடுத்தால் ஏற்காதீர்கள். முன்பு, நுண்ணறிவுக்கும் வாசிப்புக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால்தான் டிஸ்லெக்சியா என்று கணக்குப் போட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேட்டில் அந்தக் கணக்கு கைவிடப்பட்டுவிட்டது. இப்போது பார்ப்பது வேறு. வயதுக்கு எதிர்பார்க்கும் அளவைவிட வாசிப்போ எழுத்தோ மிகவும் கீழே இருக்கிறதா, அந்தச் சிரமத்துக்கென்றே உதவி செய்தும் குறைந்தது ஆறு மாதம் நீடிக்கிறதா, பள்ளிப் பருவத்தில் தொடங்கியதா, பார்வை, செவித்திறன், அறிவு வளர்ச்சி, போதிய கல்வி கிடைக்காமை போன்ற வேறு காரணம் இருக்கிறதா. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் வரும் கற்றல் குறைபாடுகள் பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 15 விழுக்காடு பேரிடம் இருப்பதாக அதே கையேடு சொல்கிறது. குறைந்த கணக்கை எடுத்தாலும் நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பிள்ளைகள்.

வகுப்பாசிரியை ‘அமைதியான பிள்ளை’ என்று சொன்னதில் எனக்கு ஒரு வருத்தம். வாசிக்க முடியாத பையன்கள் பலர் வகுப்பில் ரகளை செய்வார்கள், உடனே கவனிக்கப்படுவார்கள். பெண் பிள்ளைகள் பலர் தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் தங்கள் முறை வருவதற்குள் பத்தியை மனப்பாடம் செய்துவிடப் பார்ப்பார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க ஆண்டுகள் ஆகும். கவனக்குறைவும் டிஸ்லெக்சியாவும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து வருவது உண்மையிலேயே உண்டு, மதிப்பீட்டில் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் கதை கேட்கும்போது கவனம் சிதறாமல், பக்கத்தைப் பார்க்கும்போது மட்டும் சிதறுகிறது என்றால் அது எதைக் காட்டுகிறது என்று நீங்களே யோசியுங்கள்.

உங்கள் கணவரிடம் வருகிறேன், மெதுவாக. டிஸ்லெக்சியா குடும்பங்களில் இறங்கி வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவருக்கும் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் “தானாகச் சரியாகிவிடும்” என்று சொல்பவர் படிவத்தை உங்களிடம் நீட்டுகிறார் என்பதை நீங்களே கவனித்திருக்கிறீர்கள். இதை “உங்களால்தான்” என்று சொல்லும் ஆயுதமாக ஆக்கிவிடாதீர்கள். அவர் தன் மகளிடம் “எனக்கும் எழுத்தைப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும்” என்று ஒருநாள் சொன்னால், என்னைப் போன்ற நிபுணர்கள் பத்து அமர்வில் செய்ய முடியாததை அது செய்துவிடும். அவராக முன்வந்து சொல்லும் வரை காத்திருங்கள்.

தானாகச் சரியாகுமா? தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு தாயிடம் “கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம், ஏழு வயதுதானே” என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே பையன் வந்தபோது, வாசிப்புச் சிரமத்தோடு பள்ளி என்றாலே வயிற்றுவலி என்பதும் சேர்ந்திருந்தது. அந்தப் பொறுத்துப் பார்த்தலுக்கு நான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை. வாசிப்பு வரும் பிள்ளை வாசித்து வாசித்தே மேலும் சொற்களைச் சேர்த்துக்கொள்கிறது. வராத பிள்ளை வாசிப்பைத் தவிர்த்துத் தவிர்த்து மேலும் பின்தங்குகிறது. காத்திருக்கும் ஒவ்வொரு ஆண்டும் இடைவெளி பெருகும்.

என்ன உதவும் என்பதில் பெரிய ரகசியம் இல்லை. ஒலியையும் எழுத்தையும் நேரடியாக, படிப்படியாக, எதையும் ஊகத்துக்கு விடாமல் இணைத்துக் கற்பிப்பதுதான். சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்காமும் அமெரிக்காவில் 1930களில் வகுத்த முறையின் சாரம் இது. ஒலியை முறையாகக் கற்பிப்பது பயன் தருகிறது என்பதை அங்கே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த தேசிய வாசிப்புக் குழு 2000 இல் உறுதி செய்தது. பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர் கிடைத்தால் அவர் கையில் விடுங்கள். வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது குறைவு, ஆனால் தினமும். பதினைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரே ஓர் இணைப்பு, உதாரணமாக ஏகாரக் குறி. வாயால் சொல்லி, விரலால் மேசையில் எழுதி, அந்த ஒலி வரும் ஐந்தாறு சொற்களை உடைத்து, திரும்பச் சேர்த்து. நேற்றையதை இன்று தொட்டுவிட்டுத்தான் புதியதற்குப் போக வேண்டும். ஒரே சிறிய பத்தியை மூன்று நாள் திரும்பத் திரும்ப வாசிப்பது வேகத்துக்கு நல்லது. ஐம்பது முறை இம்போசிஷன் எழுதுவதால் கை வலிக்கும், வேறொன்றும் நடக்காது.

அந்தப் பதினைந்து நிமிடத்தைத் தாண்டி, அவளுக்குக் கதை வாசித்துக் காட்டுவதை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். “நானே வாசித்துக் காட்டினால் அவள் சோம்பேறியாகிவிடுவாளே” என்று பெற்றோர் கேட்பார்கள். ஆகமாட்டாள். எழுத்தை ஒலியாக்குவது ஒரு திறன், கேட்ட மொழியைப் புரிந்துகொள்வது இன்னொரு திறன், வாசிப்பு என்பது இரண்டும் சேர்ந்தது. முதலாவது பின்தங்கியிருக்கும்போது இரண்டாவதையும் பட்டினி போடக் கூடாது. அவள் வயதுக்கும் அறிவுக்கும் ஏற்ற புத்தகங்களைக் காதால் படிக்கட்டும். பாடப்புத்தகத்தைக் குரலாக வாசித்துக் காட்டும் செயலிகளும் இருக்கின்றன, கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள்.

பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுங்கள். முன்னறிவிப்பில்லாமல் எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம். கரும்பலகையிலிருந்து நீளமாகப் பார்த்தெழுதச் சொல்ல வேண்டாம். அறிவியல் விடைத்தாளில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். தேர்வில் கூடுதல் நேரமும், முடிந்த இடத்தில் வாய்மொழித் தேர்வும் வேண்டும். பல நாடுகளில் இவை சட்டப்படி கிடைக்கும் சலுகைகள், மதிப்பீட்டு அறிக்கை இருந்தால் கேட்பது எளிது.

டிஸ்லெக்சியா என்றதும் உறவினர்கள் உடனே விஞ்ஞானிகள், நடிகர்கள் பெயர்ப் பட்டியலோடு வருவார்கள். இறந்துபோன பலருக்கு யாரும் மதிப்பீடு செய்ததில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். எனக்கு அந்த ஆறுதலே பிடிப்பதில்லை. ஒன்பது வயதுக் குழந்தை மேதையாக ஆனால்தான் மன்னிக்கப்படும் என்பது என்ன நியாயம்?

‘எப்போது சரியாகும்’ என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: முழுவதும் மறைந்துபோகும் ஒன்றல்ல இது. நல்ல பயிற்சி கிடைத்தால் அவள் சரியாக வாசிப்பாள், வாசித்ததைப் புரிந்துகொள்வாள். வேகம் மட்டும் பெரியவளான பிறகும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். அதனால்தான் கூடுதல் நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள் என்கிறேன்.

அடித்ததைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே போதுமான அளவு வருந்திவிட்டீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் அந்த வருத்தம் அவளுக்குத் தெரியாது. “அன்றைக்கு அடித்தது என் தப்பு. உனக்கு அறிவு நன்றாகவே இருக்கிறது. எழுத்தை ஒலியாக மாற்றும் ஒரு வேலை மட்டும் உனக்கு மற்றவர்களைவிடக் கடினமாக இருக்கிறது. அதை வேறு மாதிரி சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், நாம் போய்ப் பார்க்கப் போகிறோம்” என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள், மதிப்பீடு முடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

அறிக்கை கைக்கு வந்ததும் மறுபடி எழுதுங்கள். அர்த்தமில்லாத சொற்களை வாசித்ததில் தமிழில் எவ்வளவு, ஆங்கிலத்தில் எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். பயிற்சியை எந்த எழுத்திலிருந்து தொடங்குவது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.